மொட்டை மாடியில் தேனீப் பெட்டி: மாதம் எத்தனை கிலோ?

கேள்வி, 9 ஜனவரி 2024

திருச்சியில் இருக்கிறேன். மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது. நாலு தேனீப் பெட்டி வைத்தால் மாதம் எத்தனை கிலோ தேன் எடுக்கலாம்? வைத்துவிட்டால் போதும், பராமரிப்பே கிடையாது என்று வீடியோவில் சொல்கிறார்கள். வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 ஜனவரி, இரவு

மாதக் கணக்கே கிடையாது. காலையும் மாலையும் கறக்க இது பசு மாடு இல்லை. வருடக் கணக்கு சொல்கிறேன். நம்ம ஊர் இந்தியத் தேனீ, அதாவது பொந்துத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்கிற வகை, பூ நன்றாக உள்ள இடத்தில் ஒரு பெட்டிக்கு வருடம் 5 முதல் 10 கிலோ தரும். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் அதற்கு மேலும் எடுக்கிறார்கள். ஊருக்கு நடுவில் மொட்டை மாடி என்றால் முதல் வருடம் ஒரு கரண்டி கூட வராமல் போகலாம்.

பராமரிப்பே இல்லை என்று சொன்னவர் பெட்டி விற்கிறாரா என்று பாருங்கள்.

10 ஜனவரி

நேற்று அவசரமாக எழுதியது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மதுரைக்கு வெளியே அழகர்கோயில் சாலைப் பக்கம் எங்கள் வீடு. பெட்டிகள் மார்த்தாண்டத்தில் ஒரு அண்ணாச்சியிடம் வாங்கியவை. "பெட்டியைக் கொண்டுபோய் எங்கே வைப்பீங்க?" என்று கேட்டார். மாடியில் என்றேன். "அதைக் கேக்கலை. சுத்தி என்ன மரம் நிக்கு?" என்றார். முருங்கை, வேம்பு, தென்னை, புளி, வேலிப் பக்கம் சீமைக்கருவேலம் என்று ஒப்பித்தேன். "சரி, ஆடி மாசம் இதுல எது பூக்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "அதைப் பாத்துட்டு வாங்க" என்று பெட்டி தராமலே அனுப்பிவிட்டார்.

தேனீ வளர்ப்புக்குப் பாடம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. இந்தியத் தேனீ பெட்டியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் வரை மேயும். அந்த வட்டத்துக்குள் வருடம் முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மாடியில் வைத்திருக்கும் பத்துத் தொட்டி செம்பருத்தியை அவை திரும்பியும் பார்க்காது. தெருக்கோடியில் நிற்கும் புங்கமரம்தான் கணக்கு.

எங்கள் பக்கத்துக் கணக்கு: தை, மாசியில் முருங்கை. பங்குனி, சித்திரையில் வேம்பு, அதை ஒட்டிப் புங்கம். வைகாசி, ஆனியில் புளி. சீமைக்கருவேலத்தை நாம் எவ்வளவு திட்டினாலும் தேனீக்கு அது பெரிய கொடை. மழைக்குப் பிறகு தும்பை. தென்னை மட்டும் எல்லா மாதமும் மகரந்தம் தரும், அதனால் தென்னந்தோப்பு அருகில் இருந்தால் பாதிக் கவலை விட்டது. ஆடி, ஆவணி பஞ்சம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தேனீக்கு என்ன, பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

10 ஜனவரி, சற்று நேரம் கழித்து

இந்தியத் தேனீ வளர்ப்பது என்றால் அது ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான். தேன் எடுப்பது அதற்கப்புறம். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

13 ஜனவரி

"அப்படியானால் ஓடிப்போகாத இத்தாலியத் தேனீயை வாங்கலாமே, தேனும் நாலு மடங்கு" என்று ஒருவர்.

தேன் அதிகம், உண்மை. ஓடிப்போகும் பழக்கமும் குறைவு. ஆனால் அது பெரிய கூட்டம், பெரிய வயிறு. அதை வைத்துப் பிழைப்பவர்கள் சூரியகாந்தி எங்கே, கொத்தமல்லி எங்கே என்று லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பூவுக்குப் பின்னால் ஊர் ஊராகப் போகிறார்கள். உங்கள் மாடி நகராது. இன்னொன்று, வரோவா என்று ஓர் உண்ணி. அது ஆதியில் நம்ம ஆசியத் தேனீயின் ஒட்டுண்ணிதான். நம்ம தேனீ ஒன்றையொன்று சீவிச் சிக்கெடுத்து அதைத் தள்ளிவிடும். இத்தாலியத் தேனீக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது, நாம்தான் மருந்து வைத்து அலைய வேண்டும். வீட்டுக்கு இந்தியத் தேனீ போதும்.

அடுக்குமாடி பால்கனிக்காரர்களுக்கு அதுவும் வேண்டாம். கொசுத்தேனீ வையுங்கள். கொடுக்கு கிடையாது, கொட்டாது, கோபம் வந்தால் முடிக்குள் புகுந்து காதைக் கடிக்கும், அவ்வளவுதான். மண் கலயத்திலோ மூங்கில் கணுவிலோ சின்ன மரப்பெட்டியிலோ இருந்துகொள்ளும். வருடத்துக்கு அரைக் கிலோ தேன் தேறினாலே பெரிது, கொஞ்சம் புளிப்பாக இருக்கும், விலையோ பல மடங்கு.

20 ஜனவரி

பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நியூட்டன் பெட்டி கேட்டு வாங்குங்கள். ஈர்ப்பு விசை நியூட்டன் இல்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்த பாதிரியார் நியூட்டன், நூறு வருடத்துக்கு முன் நம்ம தேனீயின் அளவுக்கு ஏற்ப வடிவமைத்தது. கேள்வி கேட்டவர் திருச்சிக்காரர், ஆக இது உங்கள் ஊர்ப் பெட்டி. 1924-இல் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ மூலமாகத் தேனீ வளர்ப்பைத் தொடங்கிவைத்தார். அங்கே வீட்டுக்கு வீடு பெட்டி வந்த கதை அதுதான்.

கீழே புழு அறை, அதாவது முட்டையும் புழுவும் வளரும் இடம். அதில் தேனீ அடை கட்ட ஏழு மரச்சட்டம். அதற்கு மேல் உயரம் குறைந்த சட்டங்களோடு தேன் அறை. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் தேனீ நடமாடும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் நடுவில் குறுக்கே அடை கட்டும், குறைந்தால் ஒட்டிவிடும். தச்சரிடம் கொடுத்து "இது மாதிரி ஒண்ணு அடிச்சுக் கொடுங்க" என்றால் இந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்.

21 ஜனவரி

விலை கேட்காதீர்கள். ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கூட்டத்தோடு வாங்கும்போது விலையைவிட முக்கியம்: ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடையில் உள்ள சின்னச் சின்ன அறைகளின் அடியில் முட்டை நிற்கிறதா, புழு இருக்கிறதா, மூடிய புழு அறைகள் ஓட்டை இல்லாமல் ஒரே பரப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முட்டை ஓர் அறைக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு மூன்று கிடந்தால் ராணி இல்லை, பணித்தேனீயே முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

2 பிப்ரவரி

"பெட்டியைத் தட்டினால் உள்ளே பாம்பு சீறுவது மாதிரிச் சத்தம் வருகிறது, என்ன செய்வது?" (சேலத்து அன்பர்)

ஒன்றும் செய்ய வேண்டாம், சந்தோஷப்படுங்கள். இந்தியத் தேனீ மிரண்டால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் 'ஸ்ஸ்' என்று சத்தம் எழுப்பும். நான் திறக்க நேரமில்லாத நாட்களில் விரல் முட்டியால் லேசாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பேன். ஒரே மூச்சில் சீறி அடங்கினால் கூட்டம் நன்றாக இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக முனகினால் திறந்து பார்க்க வேண்டும்.

வாசலையும் பாருங்கள். வெயில் நேரத்தில் சில தேனீக்கள் தலையை வெளிப்பக்கம் நீட்டி நின்றுகொண்டு இறக்கையால் உள்ளே காற்று வீசும். இத்தாலியத் தேனீ தலையை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வீசும். இதை ஒருவர் சொல்லும்வரை நான் கவனித்ததே இல்லை, இப்போது எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது.

11 பிப்ரவரி

கொட்டுவது பற்றி எத்தனை கேள்வி! கொட்டும். ஆண்தேனீ மட்டும் கொட்டாது.

கொட்டியதும் கொடுக்கை நகத்தால் வழித்து எறியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பிய்ந்து நிற்கும் கொடுக்கு விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் அந்த இடத்தைக் கழுவுங்கள். கொடுக்கோடு ஒரு வாசனை வெளிப்படும், கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. மற்றத் தேனீக்களை "இங்கே வா" என்று கூப்பிடுவது அதுதான். ஆகவே பழநி பஞ்சாமிர்தம் சாப்பிட்ட கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள். சென்ட், ஹேர் ஆயிலும் வேண்டாம்.

இதில் விளையாட்டு இல்லாத பகுதி: கொட்டியபின் உடம்பெல்லாம் தடித்தல், உதடு வீங்குதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்று எது வந்தாலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி வந்திருந்தால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள்.

12 பிப்ரவரி

புகை: தேங்காய் நாரைப் பற்றவைத்து, வாசலில் இரண்டு ஊது, மூடிக்கு அடியில் ஒரு ஊது. ஒரு நிமிடம் காத்திருந்து திறக்கவும். புகை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஹோமம் வளர்ப்பது மாதிரி ஊதினால் அன்று சாயங்காலமே கூட்டம் கிளம்பிவிடும்.

3 மார்ச்

எதிர் வீட்டு அக்கா புகார். கொட்டியதாக இல்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. தேனீ கூட்டுக்குள் அசுத்தம் பண்ணாது, பறக்கும்போதுதான் பண்ணும். பெட்டி வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கொடிக்குத்தான் இந்த அர்ச்சனை. வாசலுக்கு எதிரே பாகற்கொடியை ஓர் ஆள் உயரத்துக்குப் பந்தலாக ஏற்றிவிட்டேன். தேனீ அதைத் தாண்ட மேலே ஏறிப் பறக்கிறது, வேட்டி தப்பித்தது. அக்காவுக்கு இரண்டு பாகற்காயும் போயிற்று.

தண்ணீரும் அப்படித்தான். நீங்கள் வைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் குழாயடியில் போய்க் குடிக்கும். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். பழகின இடத்தை அவை மாற்றிக்கொள்ளாது, அதனால் பெட்டி வந்த முதல் நாளே வைக்க வேண்டும்.

4 மார்ச்

எறும்புக் கிண்ணத்தை மறந்துவிட்டேனே. தாங்கியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் கூட்டத்தைத் துரத்திவிடும். ஊருக்குள் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயிலும் விடுங்கள். டெங்கு கொசுப் புழு தேடி வருபவர்கள் டார்ச் அடித்துப் பார்க்கும் முதல் இடம் அதுதான்.

கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி வருகிற நாளில் பொழுது சாய்ந்து தேனீ அடைந்தபின் வாசலை வலையால் மூடி, பெட்டி மேல் நனைத்த சாக்கைப் போடுங்கள். புகை கலைந்ததும் எடுத்துவிடவும்.

24 மார்ச்

தேன் எடுத்தோம். எவ்வளவு என்று கேட்காதீர்கள், கண் பட்டுவிடும்.

எடுக்கும் முறை மட்டும். மேல் அறைச் சட்டங்களில் முக்கால்வாசி அறைகள் மெழுகால் மூடப்பட்டிருந்தால்தான் கை வைக்க வேண்டும். மூடாத தேனில் ஈரப்பதம் கூடுதல், 20 விழுக்காட்டைத் தாண்டினால் பாட்டிலுக்குள் புளித்துப் பொங்கும். வெந்நீரில் நனைத்த கத்தியால் மூடியைச் சீவி, கையால் சுற்றும் தேன் எடுக்கும் இயந்திரத்தில் சட்டத்தை நிறுத்திச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து இறங்கும். அடை உடையாது, அப்படியே திருப்பி வைக்கலாம். ஓர் அடை கட்ட அவை படும் பாட்டுக்கு அதைப் பிழிந்து எறிவது பாவம். புழு அறைச் சட்டத்தின் மேல் ஓரத்திலும் தேன் மினுங்கும். அது அவற்றின் அரிசிப் பானை, தொடக்கூடாது.

25 மார்ச்

"உறைகிறது, அப்படியானால் கலப்படமா?" இல்லை. குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் உறையும். குமரி ரப்பர் தேன் சீக்கிரமே உறைந்துவிடும். அது பூவிலிருந்துகூட வருவதில்லை, இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்புச் சுரப்பியில் கசிவதைத் தேனீ எடுத்து வருகிறது. வெந்நீருக்குள் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, எறும்பு மொய்க்கிறதா, நாய் நக்குகிறதா என்பதெல்லாம் பரிசோதனையே இல்லை. நல்ல சர்க்கரைப் பாகும் இதில் எல்லாம் பாஸ் ஆகும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எவ்வளவு சுத்தமான தேனும் வேண்டாம். நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

6 மே

வெயில். தகரக் கூரைக்கடியில் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள். ஆனால் மாற்றுவதில் ஒரு சங்கடம்: தேனீ பெட்டியை அடையாளம் வைப்பதில்லை, இடத்தைத்தான் வைக்கும். பத்தடி தள்ளி வைத்தால் மேயப் போனவை எல்லாம் பழைய இடத்துக்கே வந்து வெறுமையைச் சுற்றும். நாளுக்கு ஓர் அடி என்று நகர்த்துங்கள், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ச் சில வாரம் வைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நகர்த்துவது எப்போதும் இருட்டிய பிறகு.

இதைவிட எளிது, பெட்டியை விட்டுவிட்டு நிழலை நகர்த்துவது. தென்னங்கீற்று ஒன்று போதும்.

18 ஜூலை

ஆடி பிறந்தாயிற்று. இந்த இழையில் ஆறு மாதம் முன்பு சொன்னதன் அர்த்தம் இப்போது புரியும்.

காலியான தேன் அறையைக் கழற்றி உள்ளே வையுங்கள். புழு அறையிலும் தேனீ மூடாத சட்டங்களை எடுத்துவிட்டு ஒரு பலகையால் இடத்தைச் சுருக்குங்கள். காலி அடை இருந்தால் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும். அந்த அடையில் அந்துப்பூச்சிப் புழு ஓடிய இடமெல்லாம் வெள்ளை நூலாம்படை கட்டியிருக்கும், விரலால் கிளறினால் கறுப்பு எச்சம் உதிரும். அடிப்பலகையை வாரம் ஒரு தடவை துடையுங்கள், அந்துப்பூச்சி முதலில் தொடங்குவது அங்கே சேரும் மெழுகுத் தூளில்தான்.

சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, காய்ச்சி ஆறவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி, மூழ்காமல் உட்கார நாலு குச்சி போட்டு, பெட்டிக்குள் வையுங்கள். சாயங்காலம் மட்டும். பகலில் வைத்தால் அடுத்த கூட்டம் மோப்பம் பிடித்துக் கொள்ளையடிக்க வரும். பூ வந்ததும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கப்போவது உங்கள் சர்க்கரையைத்தான்.

19 ஜூலை

"தேனீக்குச் சர்க்கரை கொடுப்பது ஏமாற்று வேலை இல்லையா?"

தேனை நாம் எடுத்துக்கொண்டோமே, அது? எனக்கும் இதில் முழு நிம்மதி கிடையாது. இந்தத் தடவை இரண்டு தேன் சட்டத்தை எடுக்காமல் விட்டிருந்தேன். அந்தப் பெட்டி பாகு இல்லாமலே தாங்குகிறது. அடுத்த வருடம் எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தான் என்று இப்போதைக்கு நினைப்பு. தேன் கேட்டு வரும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் பாடு.

23 ஜூலை

இரண்டு பெட்டியாக வாங்குங்கள் என்று பலருக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் கிடக்கட்டும். ஒன்றில் ராணி இல்லாமல் போனால் இன்னொன்றிலிருந்து முட்டை, இளம்புழு உள்ள ஒரு சட்டத்தை மாற்றி வைக்கலாம். அவையே புது ராணியை வளர்த்துக்கொள்ளும், முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறக்குறைய 16 நாள். புழு உள்ள கூட்டைக் கூட்டம் லேசில் விட்டுப்போகாது என்பது இன்னொரு லாபம். புதிதாகப் பிடித்த கூட்டத்தை நிறுத்திவைக்கவும் இதே வழிதான்.

மாற்றும் முன் நோய் இல்லையா என்று பார்த்துவிடுங்கள். 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் வந்து குமரியிலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலி பண்ணியது. அண்ணாச்சி அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். புழு செத்து, தோலுக்குள் தண்ணீர் கட்டி, பை மாதிரி நிற்கும். மருந்து கிடையாது. அப்படிக் கண்டால் அந்தப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்து இன்னொன்றில் வைக்காதீர்கள்.

9 நவம்பர்

கேள்வி கேட்ட திருச்சி நண்பர் திரும்பி வந்திருக்கிறார். நாலுக்குப் பதில் இரண்டு வாங்கினாராம். ஆவணியில் ஒன்று ஓடிவிட்டது, இன்னொன்று நிற்கிறது. "காலிப் பெட்டியை விற்றுவிடலாமா?"

விற்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவவும் வேண்டாம். அந்துப்பூச்சி நூலைச் சுரண்டி, கறுத்த அடைகளை எடுத்து எரித்துவிட்டு, பெட்டியை வெயிலில் காயவையுங்கள். கூட்டம் நோயில் போகவில்லை, பசியில்தான் போனது என்று உறுதியாகத் தெரிந்தால், உள்பக்கம் பழைய தேன்மெழுகைத் தேய்த்து மாடியிலேயே நிழலில் வையுங்கள். மழை முடிந்து பூ வரும்போது கூட்டங்கள் பிரியும், வேவு பார்க்கும் தேனீ அந்த மெழுகு வாசனைக்கு வரும். வராவிட்டாலும் பரவாயில்லை. நிற்கிற பெட்டியில் தை மாதம் ஏழு சட்டத்திலும் தேனீ மூடி, அடையின் கீழ் ஓரத்தில் ராணி அறை தொங்கினால், அதையே இரண்டாகப் பிரித்துக் காலிப் பெட்டியில் வைக்கலாம். பிரிக்கும் முன் ஆண்தேனீ இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்தேனீ அறையின் மூடி நடுவில் ஊசி குத்தினது மாதிரி ஓர் ஓட்டை இருக்கும். அது இல்லாத நேரத்தில் பிரித்தால் புது ராணிக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம்.

பயிற்சி கேட்டவர்களுக்கு: கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் துறையில் மாதாமாதம் ஒருநாள் பயிற்சி உண்டு. பெட்டி வாங்கும் முன் போய் ஒரு சட்டத்தையாவது கையில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.